குருட்டு மூலை

நாங்கள் செய்த காரில் ஒரு மூலை இருந்தது. மழை வந்தால் அந்த மூலை வழியாக ஒன்றும் தெரியாது. தொழிற்சாலையில் அதற்குக் குருட்டு மூலை என்று பேர். கார் வாங்குகிறவர்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. முதல் மழையில் அவர்களே தெரிந்துகொள்வார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

விஷயம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கார் அமெரிக்கக் கார். அந்த ஊரில் ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருவார், இங்கே வலது பக்கம். அங்கிருந்து பாகம் பாகமாகப் பிரித்து மரப்பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்புவார்கள். நாங்கள் பூட்டி, பெயின்ட் அடித்து, சீட்டு தைத்துப் போட்டு, விற்பனைக்கு அனுப்புவோம். ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றினார்கள். பெடல்களை மாற்றினார்கள். வைப்பரை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்ற வேண்டுமானால் கண்ணாடிக்குக் கீழே வருகிற தகட்டையே வேறு அச்சில் அடிக்க வேண்டுமாம். அச்சு அங்கே ஒன்றுதான் இருக்கிறதாம். அதனால் இரண்டு வைப்பரும் எங்கேயோ இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆளுக்காகவே துடைத்துக்கொண்டிருந்தன. முன்கண்ணாடியின் வலது ஓரத்தில், கதவுப் பக்கத்துத் தூணை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்குத் துடைக்காத துண்டு நிற்கும். இருபது வருஷமாக நின்றது.

நான் சீட்டு தைக்கிற பகுதியில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் என்னைப் பெரியக்கா என்பார்கள். வயசு ஒன்றும் பெரிதில்லை, வாய்தான் பெரிது. என் பக்கத்து மெஷினில் உட்காருகிறவளுக்கு டீச்சர் என்று பேர். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்தவள், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதை எங்களுக்கெல்லாம் படித்துச் சொல்வாள், அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். அவர்கள் வீட்டில் தட்டு விழுந்தால் என் வீட்டில் எடுக்கலாம்.

அவள் புருஷனை ரவுண்டு என்பார்கள். தயாராகி வருகிற ஒவ்வொரு காரையும் பின்பக்கத்துச் சோதனைப் பாதையில் எட்டு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஒரு நாளைக்குப் பதினைந்து கார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவார். சம்பளத்துக்கு ராட்டினம் சுற்றுகிறவர் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிப்பார். சத்தம் வராத சிரிப்பு.

டீச்சரின் தம்பியும் அங்கேதான். அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அக்கா வீட்டுக்கு வந்தவன், வளர்ந்து ஆளாகி, ஐந்து வருஷம் முன்னால் தொழிற்சாலைக்குள் நுழைந்தான். ஆள் உயரம், அதனால் நெட்டை. சோதனை முடிந்த கார்களைப் பின்பக்கத்து மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, கண்ணாடியில் நம்பர் அட்டை செருகுவது அவன் வேலை. மாமா ஓட்டி முடித்ததை மச்சான் நிறுத்துவான். மதியச் சாப்பாட்டுக்கு ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

அன்றைக்குக் காலையில் பத்து மணி இருக்கும். நல்ல மழை. ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தோம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்து மெஷின் ஓடுவதே காதில் விழவில்லை. பெயின்ட் பகுதி ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்று டீச்சரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் எழுந்து போனேன்.

சோதனைப் பாதை மைதானத்தை ஒட்டித் திரும்புகிற வளைவில் பச்சைக் கார் ஒன்று நின்றிருந்தது. அதற்கும், வரிசையில் நின்ற வெள்ளைக் காருக்கும் நடுவில் நெட்டை கிடந்தான். சாம்பல் நிற மழைக்கோட்டு, சாம்பல் நிறத் தரை. நம்பர் அட்டைகள் தண்ணீரில் சிதறிக் கிடந்தன. ரவுண்டு காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வைப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "பார்க்கல" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் அழவில்லை. தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தில் மழை விழாமல் கையை விரித்துப் பிடித்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள்.

இதற்கு மேல் சொல்லப்போவது எனக்கு முன்பே தெரியும். செங்கல் சுவர் என்று சொன்னேனே, அந்தச் சுவர் வழியாகத் தெரியும். தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ரவுண்டுக்குக் கண் மங்கல். ஆறேழு வருஷமாக. கிட்டத்தில் பிரச்சினையில்லை, தூரத்தில் எல்லாம் கரைந்துபோகும். மூக்குக்கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், ஆனால் கண்ணாடி போடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து முதல் பெட்டிகளோடு வந்த விதிப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது. ஓடுகிற வண்டியோடு வேலை செய்கிற யாராக இருந்தாலும் வெறும் கண்ணால் பார்வை அட்டையின் கடைசிக்கு முந்தின வரி வரை படிக்க வேண்டும். அந்த விதிப் புத்தகத்தைப் போலவே பார்வை அட்டையும் அதே பெட்டியில்தான் வந்தது. கம்பெனி டாக்டர் அறையில் ஒரே ஆணியில் இருபது வருஷமாகத் தொங்குகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, தையல் பகுதி உட்பட, ஒவ்வொருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் படிப்போம்.

இருபது வருஷம் ஒரே அட்டை தொங்கினால் என்ன ஆகும்? தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ரவுண்டுக்கு மனப்பாடம் வராது, ஆள் அந்த விஷயத்தில் கொஞ்சம் மந்தம். அதனால் டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். அவள் பார்வை நல்ல பார்வை, அவளுடைய முறை வரும்போது அட்டையை வரி வரியாகப் பார்த்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் சோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் தொடங்கும். கே, ஆர், எஸ், டி, எம் என்று ஒரு வரி. அது அவருக்கு நிற்கவே நிற்காது. "காப்பி ருசி சுமார், தண்ணி மோசம்" என்று அதை மாற்றிக்கொடுத்தாள். அப்புறம் நின்றது. ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒன்று வைத்திருந்தாள். இந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

காலை எடுத்த பிறகு ஒரு வாரம் விடுப்பு எடுத்துவிட்டு டீச்சர் வேலைக்கு வந்தாள். மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பார்வை சரியாகத்தான் இருந்தது, நூல்தான் மூன்று தடவையும் ஊசிக்காதைத் தாண்டிப் போனது.

"பெரியக்கா, இதைக் கோத்துக் குடுங்க."

கோத்துக் கொடுத்தேன். நூல் அறுந்தது. மறுபடி கோத்துக் கொடுத்தேன்.

"வீட்ல எப்படி இருக்காரு?"

"இருக்காரு. சாப்பிடறாரு, தூங்கறாரு, எழுந்திரிக்கறாரு."

"பேசறாரா?"

"நேத்து உப்பு கம்மின்னு சொன்னாரு."

"அது பேச்சுதானே."

"ஆமா. அதான் பேச்சு."

ஒரு சீட்டு முழுவதும் தைத்து முடித்துத் தள்ளிவைத்தாள். அடுத்ததை இழுத்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"உனக்கு எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியல பெரியக்கா. பல்லு பிடுங்கறப்போ ஊசி போடுவாங்கல்ல, அப்புறம் கன்னத்தைத் தொட்டா அது யாரோட கன்னம் மாதிரியோ இருக்கும்ல. அப்படி இருக்கு."

"அழுதுடு."

"வரல."

"விசாரணை எப்போ?"

"வியாழக்கிழமை. அமெரிக்காவுல இருந்து ஒருத்தரு வராராம். கண்ணு டெஸ்ட்டும் வைப்பாங்களாம்."

"புது அட்டையா?"

"அதே அட்டைதான். அதே டாக்டர்தான்."

"அப்புறம் என்ன கவலை உனக்கு?"

"அதான் கவலை" என்றாள். சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டாள்.

நான் அதைச் சரியாகப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று. ஊரெல்லாம் ஒரே பேச்சு: ரவுண்டுக்கு வேலை போகுமா, போகாதா. சங்கத்துச் செயலாளர் வீடு வீடாக வந்தார். குருட்டு மூலையை இந்த விசாரணையில் போட்டு உடைக்க வேண்டும், இருபது வருஷமாகச் சொல்கிறோம், இப்போதாவது கேட்பார்கள் என்றார். எல்லோரும் ரவுண்டு ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒருத்திதான் அவர் ஜெயித்துவிடுவாரோ என்று பயந்தாள். ஜெயித்தால் மறுபடி வண்டி ஓட்டுவார். மழை இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது.

பயந்துகொண்டேதான் பாடமும் சொல்லிக்கொடுத்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. புதன்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"கடகடன்னு சொல்லாதீங்க. அஞ்சாவது வரியில கொஞ்சம் நில்லுங்க. கண்ணைச் சுருக்குங்க. அப்புறம் சொல்லுங்க."

"எந்த எழுத்துல நிக்கணும்?"

"மூணாவதுல."

"சரி."

"சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னார். நின்றார். மறுபடி சொன்னார்.

வியாழக்கிழமை எங்கள் பகுதியிலிருந்து என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், முதலில் ஓடிப்போனவர்களில் நானும் ஒருத்தி என்று. அமெரிக்காக்காரர் நல்ல உயரம், பேச்சு குறைவு, இடுப்பில் அளவு டேப் ஒன்று எப்போதும் தொங்கியது. அரை மணியில் அவருக்கு டேப் என்று பேர் வைத்துவிட்டார்கள் நம் ஆட்கள். அந்தப் பச்சைக் காரையே வெளியே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். இரண்டு ஆட்கள் ரப்பர் குழாயால் கண்ணாடி மேல் தண்ணீர் அடித்தார்கள். டேப் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தார். ஒரு ஆளைச் சாம்பல் மழைக்கோட்டு போட்டு வளைவில் நிற்கச் சொன்னார்கள். ஆள் தெரியும்போது டேப் கையைத் தூக்க வேண்டும். மூன்று தடவை ஆள் நடந்து வந்தான். மூன்று தடவையும் டேப் கையைத் தூக்கவில்லை.

இறங்கி வந்து, துடைக்காத துண்டை இடுப்பு டேப்பை எடுத்து அளந்தார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தார். மேனேஜரிடம் ஏதோ கேட்டார். நம் ஊரில் எத்தனை மாசம் மழை என்று கேட்டாராம். மூன்றே மாசம் என்று மேனேஜர் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

அடுத்து டாக்டர் அறை. கதவு திறந்திருந்தது, நாங்கள் வராந்தாவில் நின்றோம். ரவுண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடி வாசித்தார். ஐந்தாவது வரியில் மூன்றாவது எழுத்தில் நின்றார், கண்ணைச் சுருக்கினார், பிறகு சொன்னார். மறு கண்ணை மூடினார். மறுபடியும் சரியாக அதே எழுத்தில் நின்றார். நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் தடுமாறுமா? டாக்டர் தலையைத் தூக்காமல் தாளில் எழுதினார். டீச்சர் என் பக்கத்தில் நின்றுகொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முன்னாலேயே அவள் முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முடிவை ஒட்டினார்கள். போர்டு முன்னால் கூட்டம். வழக்கம்போல டீச்சரைத்தான் படிக்கச் சொன்னார்கள். படித்தாள். ஓட்டுநர் மேல் தவறில்லை. மழையில் கண்ணாடியின் வலது ஓரப் பார்வை மறைந்ததே காரணம். இனி காரோடு கொடுக்கும் கையேட்டில் ஒரு பக்கம் சேர்க்கப்படும்: மழைக்காலத்தில் ஓட்டுநர் அவ்வப்போது தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொள்ளவும். காயம்பட்டவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தரப்படும். ஓட்டுநர் திங்கள்கிழமை முதல் தம் பணிக்குத் திரும்பலாம்.

"தலையைச் சாய்க்கணுமாம். காருக்கு வைப்பர் வெக்கச் சொன்னா மனுஷனுக்குக் கழுத்தை மாத்தச் சொல்றான்" என்றார் பெயின்ட் பகுதி ஆள். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ரவுண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், முதுகில் தட்டினார்கள். அவர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார். டீச்சர் கையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டாள். "வந்து உட்காருங்க பெரியக்கா, தனியா பேச முடியல" என்றாள். அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரவுண்டு தரையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக்கு.

"வண்டி ஓட்ட முடியலன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"ஏன்னு கேப்பாங்க."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"இருபது வருஷம் ஓட்டினவன் பயம்னு சொன்னா யாரு நம்புவா?"

"பயமா இல்லையா உங்களுக்கு?"

அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. ஒரு ஷூ முடிந்து அடுத்ததை எடுத்தார்.

"இருக்கு" என்றார். "கனவுலகூட அந்த வளைவுதான் வருது. வளைவுல யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா இடிக்கும்."

"அப்போ டாக்டர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லிடலாம். கண்ணு தெரியாதுன்னு."

"சொல்லலாம். வேலை போகும், போகட்டும். மூட்டை தூக்கியாவது சாப்பிடலாம். உன் தம்பிக்கு என்ன பதில் சொல்றது? காருதான் காலை எடுத்துச்சுன்னு படுத்திருக்கான். மாமாதான்னு சொல்லவா? தெரிஞ்சே ஓட்டினேன்னு சொல்லவா? நீதான் சொல்லிக்குடுத்தேன்னு சொல்லவா?"

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லணும்" என்றாள். "முதல்ல அவன்கிட்டதான் சொல்லணும். நாளைக்குப் போறோம்ல, நானே சொல்றேன். அதுக்கப்புறம் டாக்டர்."

"நான் ஒத்துக்கல" என்றார்.

"நீங்க ஒத்துக்க வேண்டாம். கூட வாங்க போதும்."

என் ஆயுளில் நான் ஒன்றும் பேசாமல் இருந்த சாயங்காலங்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். அதில் அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். சாப்பாட்டுத் தூக்கு என் மடியில். ரவுண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என்ன தெரிந்ததோ.

ஆஸ்பத்திரியில் நெட்டை இருந்த வார்டு நீளமானது. ஒரு பக்கத்துக்குப் பதினாறு கட்டில். அவனுடையது கடைசி. பார்வையாளர் நேரம், வார்டு முழுக்கச் சந்தை மாதிரி சத்தம். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். நாங்கள் ரொம்பக் கிட்டத்தில் போன பிறகுதான் பார்த்தான். பாதித் தூக்கத்தில் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்க மாமா. ஜெயிச்சுட்டீங்களாம்ல. நர்ஸ் வரைக்கும் சேதி வந்துடுச்சு."

"ம்."

"எனக்கும் உட்கார்ந்த வேலையாம். இத்தனை வருஷம் நின்னேன், இனிமே நிம்மதி. செருப்பும் ஒத்தைதான் தேயும், இன்னொண்ணைக் கடைக்காரன்கிட்டயே விட்டுட்டு வந்துடலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவனே கொஞ்சம் சிரித்தான். டீச்சர் தட்டில் சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்தாள். அவன் நாலு வாய் சாப்பிடுகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, குரலும் மாறவில்லை, நோட்டீஸ் படிக்கிற மாதிரியே சொன்னாள். மாமாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது, ஏழு வருஷமாகத் தெரியாது, அட்டையை நான்தான் மனப்பாடம் பண்ண வைத்தேன், இந்தத் தடவையும் நான்தான், உன் காலை நாங்கள் இரண்டு பேரும்தான் எடுத்தோம்.

ரவுண்டு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

நெட்டை வாயில் இருந்ததை மென்று முழுங்கினான். தண்ணீர் குடித்தான்.

"மாமாவுக்கு மங்கல்னு எனக்குத் தெரியாதாக்கா? ஒரே வீட்லதானே இருக்கோம்."

"தெரிஞ்சு ஏண்டா விசாரணைக்கு வந்தவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா மாமாவோட நிக்குமா? என்னையும் கேப்பாங்கல்ல."

"உன்னை என்ன கேப்பாங்க?"

அவன் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தான். கையைத் துண்டில் துடைத்தான். பிறகு அக்காவைப் பார்த்து, மெதுவாக, "காப்பி ருசி சுமார், தண்ணி மோசம்" என்றான். அதோடு நிறுத்தவில்லை. அதற்கு மேல் வரி, கீழ் வரி, எல்லாவற்றையும் சொன்னான். அவள் சொல்லிக்கொடுக்கிற அதே ராகத்தில் சொன்னான்.

"உனக்கு எதுக்குடா அது?" என்றாள் டீச்சர்.

"நீ மாமாவுக்குச் சொல்லிக்குடுக்கறப்போ நான் உள்ள ரூம்லதானே படுத்திருப்பேன். காதுல விழும். வேலைக்கு எடுக்கறப்போ டாக்டர் ஸ்டூல்ல உட்கார வெச்சாரு. அட்டை எந்தப் பக்கம் தொங்குதுன்னுதான் தெரிஞ்சுது. மத்ததை நீ சொன்ன மாதிரியே சொன்னேன்."

"உனக்குமா?"

"ஸ்கூல்ல போர்டு தெரியலன்னு என்னை முதல் பெஞ்சுக்கு மாத்தினாங்களேக்கா. இவ்ளோ உயரத்தை வெச்சுக்கிட்டு முதல் பெஞ்சு. பின்னாடி இருக்கறவனுங்க எல்லாம் திட்டுவானுங்க. நீ வந்து வாத்தியார்கிட்ட சண்டை போட்டே, ஞாபகம் இல்ல?"

டீச்சருக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது.

"மைதானத்துல காரு வர்றது எனக்குக் காதாலதான் தெரியும்" என்றான். "சத்தத்தை வெச்சுத்தான் கடப்பேன். எந்த காரு, எவ்ளோ தூரம், எல்லாம் சத்தம்தான். அன்னைக்கு மழை. பக்கத்து ஷெட்டுத் தகரக் கூரை மேல கொட்டுது. ஒண்ணும் கேக்கல. இல்லன்னு நெனச்சுக் கடந்துட்டேன்."

ரவுண்டு தலையைத் தூக்கினார். "நான் உன்னைப் பார்க்கல" என்றார். அன்றைக்கு மழையில் சொன்ன மாதிரியே சொன்னார்.

"நானும்தான் மாமா உங்களைப் பார்க்கல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை படுத்துக்கொண்டான். களைத்துப் போயிருந்தான். ரவுண்டு சொன்னார், பாதி தனக்குத்தானே பேசுகிற மாதிரி: "இவ்ளோ ஒண்ணும் மோசம் இல்ல. வெயில்ல நல்லாவே தெரியுது. இந்த ரெண்டு மாசம் மட்டும் பார்த்து ஓட்டினா..."

"எனக்கும் பகல்ல பரவாயில்ல" என்றான் நெட்டை, கண்ணை மூடிக்கொண்டே.

டீச்சர் எழுந்தாள். வார்டின் நடுவில் இருந்த வழியில் நேராக நடந்தாள். போய்விடப்போகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். கட்டில் கட்டிலாகக் கடந்து, வாசல் வரைக்கும் போய், திரும்பி நின்றாள். வலது கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் இங்க பாருங்க" என்றாள். பெரிய குரல் எடுத்துச் சொன்னாள். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஒருத்தி, "என்னம்மா இது" என்று வந்தாள். நான் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை விரல்?" என்றாள் டீச்சர்.

ரவுண்டு கண்ணைச் சுருக்கினார். கொஞ்சம் நின்றார். "மூணு" என்றார்.

நெட்டை முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தான். "ரெண்டுக்கா" என்றான்.

இரண்டு பேர் குரலிலும் சந்தேகமே இல்லை. நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் கையை மடக்கித்தான் வைத்திருந்தாள், ஒரு விரல்கூட வெளியே இல்லை. கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டு அழ ஆரம்பித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் அழுதாள். அவள் அழுவதும் அவர்களுக்குத் தெரியவில்லை. சரியாகச் சொல்லிவிட்டோமா என்று இரண்டு பேரும் அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.